ஊதா என்றால் உயிர்

கைக்கடிகாரம், மோதிரம், கைபேசி, பேனா எல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டுக்குப் போயின. குறிப்பேட்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. காகிதத்திலிருந்து நார் உதிரும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் நார் உதிராத நீலத்தாள் சிலவற்றைக் கொடுத்தார்கள். சுத்த அறைகளில் அதில்தான் எழுதுவார்களாம். தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு உறை, கைக்கு இரண்டடுக்குக் கையுறை. கையுறைமேல் ஆல்கஹால் தெளித்துத் தேய்த்த பிறகுதான் உள்கதவு திறந்தது.

சென்னைக்குத் தெற்கே, மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒப்பந்த ஆய்வகம் இது. சோப்பு, பூச்சிக்கொல்லி, பெயின்ட், மருந்து மூலப்பொருள் என்று யார் எதைக் கொடுத்தாலும் விதிமுறைப்படி சோதித்து அறிக்கை கொடுப்பது தொழில். வாடிக்கையாளர் ரகசியம் என்பதால் ஆய்வகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் எழுதக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்கும் பெயர் தேவைப்படவில்லை. சோப்பு உறையிலும் முகப்பூச்சு டியூபிலும் முயல் படம் போட்டு, விலங்குகளிடம் சோதிக்கப்படவில்லை என்று எழுதுகிறார்கள். அப்படியானால் எதனிடம் சோதித்தார்கள்? அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

“பாதி நேரம் எதுலயும் சோதிச்சிருக்க மாட்டாங்க சார்” என்றார் பிரிவுப் பொறுப்பாளர், கதவைச் சாத்திக்கொண்டே. “எல்லாம் பழைய மூலப்பொருளா இருந்தா, அதுக்கு ஏற்கெனவே இருக்கிற தரவை வெச்சே கணக்குப் போட்டுடலாம். புதுசா ஒண்ணு வந்தாத்தான் எங்ககிட்ட வரும்.” ஐம்பதை நெருங்கும் வயது. நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கிய காலத்தில் தானே முயல்களின் முதுகைச் சிரைத்திருப்பதாகச் சொன்னார். அதைப் பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த முயலின் கதை 1944-ல் தொடங்குகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் தன் சகாக்களோடு அந்த ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார். முயலின் முதுகு மயிரை எடுத்துவிட்டு, பொருளைத் தடவிக் கட்டி, பிறகு அவிழ்த்துப் பார்த்து, சிவப்புக்கு இவ்வளவு வீக்கத்துக்கு இவ்வளவு என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது. கண்ணுக்கும் இதேபோல் ஒன்று. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் இதைத்தான் நம்பியது. நம்பிய அளவுக்கு அது உறுதியான அளவுகோலாகவும் இருக்கவில்லை. வெய்ல், ஸ்காலா என்ற இருவர் ஒரே பொருள்களைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்து முயலில் சோதிக்கச் செய்து, 1971-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் மதிப்பெண் வெகுவாக மாறியிருந்தது. ஒருவர் கண்ணுக்கு வெளிர்சிவப்பாகத் தெரிந்தது இன்னொருவர் கண்ணுக்கு அடர்சிவப்பு. முயலுக்காக இரக்கப்பட்டவர்கள் ஒருபக்கம் போராடினார்கள் என்றால், அளவையில் பிடிவாதம் உள்ளவர்களுக்கும் மாற்று தேட இன்னொரு காரணம் இருந்தது. இந்த இரண்டாவது கதையை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் விலங்குகளிடம் சோதித்த அழகுசாதனப் பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது. இந்தியா 2014-ல் சோதனையைத் தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் இறக்குமதியையும்.

ஆய்வாளர் ஒருவர் இன்குபேட்டரைத் திறந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, திண்டிவனத்துக்காரர். உள்ளே 37 டிகிரி, 5% கார்பன் டைஆக்சைடு. ஆறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டொன்றை எடுத்து ஹூட்டுக்குள் வைத்தார். ஒவ்வொரு குழியிலும் இளஞ்சிவப்புத் திரவம் கொஞ்சம். அதில் அடிப்பாகம் மட்டும் நனையும்படி ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணம். இவர்கள் இதை இன்செர்ட் என்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் விரல்நகம் அளவுக்கு வட்டமாக ஏதோ ஒன்று, காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஆடை மாதிரி, மங்கிய வெள்ளையாக.

அதுதான் மனிதத் தோல். சரியாகச் சொன்னால் மனித மேல்தோல். எபிடெர்ம் என்ற பெயரில் விற்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் மேட்டெக் நிறுவனம் உருவாக்கியது; ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவிலும் அதற்குக் கூடம் உண்டு. பிரான்சின் லியோனிலிருந்து வரும் எபிஸ்கின் இன்னொரு வகை. பெட்டிக்கு 24 திசு. ஊட்டம் கலந்த ஜெல்மேல் உட்கார்ந்து, குளிர்பெட்டியில் விமானம் ஏறி வருகிறது. ஆயுள் சில நாள்தான். வழியில் எங்காவது தாள் சரியில்லை என்று பெட்டி தேங்கிவிட்டால் அவ்வளவும் குப்பை. “கல்யாண வீட்டு சமையல்காரங்க காய்கறி வண்டிக்கு நிக்கிற மாதிரி நாங்க கூரியருக்கு நிப்போம்” என்றார் திண்டிவனத்துக்காரர்.

யாருடைய தோல் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, பொறுப்பாளர் மேடத்தைப் பார்த்தார். அவர் தயங்காமல் சொன்னார். எபிடெர்முக்கான செல்கள் பெரும்பாலும் சுன்னத்து செய்த பச்சிளங்குழந்தைகளின் நுனித்தோலிலிருந்து வருகின்றன. எபிஸ்கினுக்குப் பெரியவர்களின் மார்பகக் குறைப்பு, வயிற்றுச் சதைக் குறைப்பு அறுவைகளில் மிஞ்சும் தோல். எல்லாம் சம்மதம் வாங்கி எடுப்பது. அறுவை அரங்கில் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு துண்டிலிருந்து, பிரித்து வளர்த்தால், ஏராளமான தட்டுகளுக்குச் செல் கிடைக்கும்.

செல்லை வளர்ப்பது ஒன்று, தோலாக்குவது வேறு. மேல்தோலின் பெரும்பகுதி கெரட்டினோசைட் என்ற செல். அதைச் சாதாரணமாகத் தட்டில் போட்டால் கொஞ்ச நாள் பெருகிச் செத்துவிடும். 1975-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் ஒரு வழி கண்டார்கள்: கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட சுண்டெலிச் செல்களை அடியில் விரித்து, அதன்மேல் கெரட்டினோசைட்டைப் போட்டால் தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. எட்டு வருடத்தில் அது ஓர் உயிர்காக்கும் சிகிச்சையானது. 1983-ல் வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரில் இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, கிட்டத்தட்ட உடம்பு முழுக்க வெந்துபோன நிலையில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எஞ்சியிருந்த சிறு துண்டு நல்ல தோலிலிருந்து செல்லெடுத்து, தாள்தாளாக வளர்த்து, அவர்கள் உடம்பைப் போர்த்தினார்கள். இருவரும் பிழைத்தார்கள். இன்று ஷாம்பு சோதிக்கும் கிண்ணம் அந்தத் தீக்காயப் பிரிவின் வழித்தோன்றல்.

தாளாக வளர்ந்தாலும் அது இன்னும் முழுத்தோல் இல்லை. இரண்டு சங்கதி சேர வேண்டும். ஒன்று கால்சியம். ஊட்டத் திரவத்தில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். கூட்டினால் பெருக்கத்தை விட்டு முதிரத் தொடங்கும். இரண்டாவது காற்று. மேலே இருக்கும் திரவத்தை எடுத்துவிட்டு, அடியிலிருந்து மட்டும் ஊட்டம் கொடுத்தால், மேற்பக்கம் காற்றுக்கு வெளிப்பட்ட செல்கள் அடுக்கடுக்காக ஏறித் தட்டையாகி, உட்கருவை இழந்து, செத்த செல்களின் கொம்புப்படலமாக மாறும். நம் உடம்பில் நாலு வாரம் வாக்கில் நடக்கும் அதே பயணம். கருவறைக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கிண்ணத்தின் மேற்பக்கத்தில் நடத்திக் காட்டிவிடுகிறார்கள். செத்த அந்தப் படலம்தான் தோலின் முதல் காவல். அது இல்லாத வெறும் செல்மீது சோப்புக் கரைசல் பட்டால் எல்லாமே நஞ்சாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு தொகுதியையும் அனுப்புமுன் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புச் சரக்கை 1% ஊற்றி, பாதிச் செல் சாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். ரொம்பச் சீக்கிரம் செத்தால் காவல் பலவீனம். தொகுதியே தள்ளுபடி.

இன்று சோதிப்பவை ஆறு பொருள். எல்லாம் எண்ணிட்ட குப்பிகள். திண்டிவனத்துக்காரர் பிப்பெட்டில் 30 மைக்ரோலிட்டர் எடுத்தார். ஒரு சொட்டுக்கும் குறைவு. திசுவின்மேல் விட்டு, அது எங்கும் பரவும்படி ஒரு நைலான் வலைத்துண்டை வைத்தார். அடுத்த கிண்ணத்துக்குச் சரியாக ஒரு நிமிடம் கழித்து. பிறகு அடுத்தது. மேசையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று திசு. கூடவே மூன்று திசுவில் வெறும் உப்புக்கரைசல், மூன்றில் 5% சோடியம் டோடெசில் சல்பேட். பின்னது நாம் பல் துலக்கும்போது பல பேஸ்ட்களில் நுரை வரவழைக்கும் சோடியம் லாரில் சல்பேட்தான், பெயர்தான் வேறு. இங்கே அது கொலையாளி. அது கொன்றாக வேண்டும், உப்புக்கரைசல் விட்டுவைக்க வேண்டும், இரண்டில் ஒன்று தவறினாலும் “ரன் ஃபெயில்.”

60 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதில் 35 நிமிடம் இன்குபேட்டருக்குள். நிஜத்தில் யாரும் சோப்பை ஒரு மணி நேரம் பூசிக்கொண்டு உட்காருவதில்லையே என்றேன். “இது நிஜ வாழ்க்கையோட நகல் இல்ல சார். எரிச்சல் கொடுக்கும்னு தெரிஞ்ச சரக்கையும் கொடுக்காதுன்னு தெரிஞ்ச சரக்கையும் பிரிச்சுக்காட்டுற நேரம் எதுன்னு தேடிக் கண்டுபிடிச்சது” என்றார் பொறுப்பாளர். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பெரும்பாலான விளம்பரங்கள் இதற்கு நேர் எதிராகப் பேசும்.

நேரம் முடிந்ததும் கழுவல். ஒவ்வொரு திசுவையும் உப்புக்கரைசலால் 15 முறை. உண்மையிலேயே 15. வாய்க்குள் எண்ணுவது முகக்கவசத்தின் அசைவில் தெரிந்தது. அவசரப்பட்டு ஓட்டத்தைக் கூட்டினால் திசு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மெத்தனமாக விட்டால் மிச்சப் பொருள் உள்ளேயே இருந்து வேலை செய்யும். கழுவி, பஞ்சுக்குச்சியால் ஒற்றி, புதுத் திரவத்தில் வைத்து, மறுபடி இன்குபேட்டருக்குள். இனி 42 மணி நேரம். இடையில் ஒருமுறை மீடியா என்ற அந்த ஊட்டத் திரவத்தை மாற்றுவார்கள். எரிச்சல் என்பது பட்ட நொடியில் தெரிந்துவிடும் சங்கதி இல்லை. காயம்பட்ட செல் சாவதா தேறுவதா என்று முடிவெடுக்கக் கால அவகாசம் வேண்டும்.

நான் 42 மணி நேரம் அங்கே உட்கார முடியாது என்பதால் முந்தைய தொகுதி ஒன்றின் முடிவைக் காட்டினார்கள். எம்டிடி என்ற மஞ்சள் கரைசலில் திசுக்களை மூன்று மணி நேரம் ஊறவைத்து எடுத்திருந்தார்கள். உயிருள்ள செல்லின் நொதிகள் இந்த மஞ்சளை ஃபார்மசான் என்ற ஊதாப் படிகமாக மாற்றும். செத்த செல்லால் முடியாது. டிம் மோஸ்மன் 1983-ல் கொண்டுவந்த முறை; இன்றுவரை உலகம் முழுக்க இதற்கு ஓய்வில்லை. உப்புக்கரைசல் கிண்ணங்கள் கத்தரிக்காய் ஊதாவில் இருந்தன. சல்பேட் கிண்ணங்கள் வெளுத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு பொருள் இரண்டுக்கும் நடுவே, திட்டுத்திட்டாக. பிறகு ஐசோப்ரொப்பனாலில் ஊதாவைக் கரைத்து இறக்கி, 570 நானோமீட்டர் ஒளியில் கருவி படித்துச் சொல்லும். உப்புக்கரைசல் திசுவை நூறு என்று வைத்து, மற்றது அதில் எத்தனை விழுக்காடு என்பதே கணக்கு. 50 அல்லது அதற்குக் கீழே என்றால் எரிச்சலூட்டி. மேலே என்றால் வகைப்படுத்தத் தேவையில்லை. ஓஈசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் 439-ஆம் வழிகாட்டி இது, 2010-ல் ஏற்கப்பட்டது.

ஊதா என்றால் உயிர் என்று நான் நீலத்தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். எழுதி முடிப்பதற்குள் திண்டிவனத்துக்காரர் ஒரு குப்பியைக் காட்டி, “இது பொய் சொல்லும் சார்” என்றார்.

மூலிகைக் குளியல் பொடி. பழுப்பு நிறம். இது திடப்பொருள் என்பதால் 25 மில்லிகிராம் வைத்து, உப்புக்கரைசல் விட்டு நனைத்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பல தாவரச் சாறுகள் செல் எதுவும் இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். வைட்டமின் சி-யும் செய்யும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சரக்கு என்று விளம்பரத்தில் கொண்டாடப்படும் குணம்தான் இங்கே வேதியியல் மோசடியாக முடிகிறது. கழுவியும் போகாமல் திசுவில் ஒட்டிய பொடி, செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டும். அதனால் முதலில் வெறும் எம்டிடியில் பொடியைப் போட்டுப் பார்ப்பார்கள். நிறம் மாறினால், உறையவைத்துக் கொன்ற திசுவிலும் இதே சோதனையைத் தனியாக நடத்தி, அதில் வரும் பொய் ஊதாவைக் கழிக்க வேண்டும். மஞ்சள், மருதாணி, தலைச்சாயம் போலத் தானே நிறம் கொண்ட பொருள்களுக்கு இன்னொரு கழித்தல். இந்த ஊரில் வரும் பொருள்களில் இப்படிப்பட்டவையே அதிகம் என்பதால் உறைபெட்டியில் செத்த திசு எப்போதும் தயாராக இருக்கிறது. மூலிகை என்றாலே சாது என்று நம்புகிறவர்கள், சேராங்கொட்டை எண்ணெய் பட்டுக் கொப்பளித்த கையை ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டார்கள்.

கழித்த பிறகும் பொடியின் எண் ஐம்பதுக்கு வெகு மேலே நின்றது. மூன்று திசுக்களும் ஒன்றையொன்று ஒட்டியே வந்திருந்தன. விலகல் 18-க்கு மேல் போனால் ஏற்கமாட்டார்கள். சரி, பொடி பாஸ் என்றேன். பொறுப்பாளர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. “எரிச்சல் இல்ல. அவ்வளவுதான் இது சொன்னது.”

எரிச்சலைத் தாண்டி ஒவ்வாமையைப் பார்க்க அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். இங்கே தோல் இல்லை, தனித்தனிச் செல்கள். தலைச்சாயத்தில் போடும் பாரா-ஃபினைலீன்டைஅமீன் போன்ற பொருளுக்கு இந்த அறைதான். கடைவீதிக் கருப்பு மருதாணிக் கூம்பில் கலப்பதும் அதுவே. முதல்முறை ஒன்றும் செய்யாது. அடுத்தடுத்த முறைகளில், உடம்பு அதைப் பகைவன் என்று ஒருமுறை எழுதிவைத்துக்கொண்ட பிறகு, முகமே வீங்கும். அந்தக் கிண்ணத்துத் தோலில் பகைவரை எழுதிவைக்கும் செல்லே கிடையாது. இரத்தம் இல்லை, நிணநீர்க்கணு இல்லை, டி-செல் இல்லை. அதனால் ஒவ்வாமையை ஒரே அடியில் பிடிக்காமல் படிப்படியாகப் பிடிக்கிறார்கள். முதல் படியில் செல்லே வேண்டாம்: பொருள் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று குட்டிப் பெப்டைடுகளோடு 24 மணி நேரம் கலந்து வைத்துப் பார்ப்பது. இரண்டாவது படியில் கெரட்டினோசைட் பதறுகிறதா என்பது. செல்லின் எச்சரிக்கை மணியோடு மின்மினிப் பூச்சியின் நொதியை மரபணு வழியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். மணி அடித்தால் செல் ஒளிரும். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஒளிர்ந்தால் கணக்கில் சேரும். மூன்றாவதில், எதிரியை அடையாளம் காட்டிக் கொடுக்கும் செல்களுக்குப் பதிலாளாக ஒரு வெள்ளணு வகை: அதன் மேற்பரப்பில் சிடி86, சிடி54 என்ற கொடிகள் ஏறுகின்றனவா என்று எண்ணுவது. முதலில் செய்யும் இரண்டு சோதனைகள் ஒத்துப்போனால் அதுவே தீர்ப்பு. முரண்பட்டால் மூன்றாவது முடிவு செய்யும். 2021-ல் வந்த 497-ஆம் வழிகாட்டி இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு சுண்டெலியின் காதுதான் பதில் சொன்னது.

அறையின் மூலையில் திரவ நைட்ரஜன் கலம், மூடியைத் திறந்ததும் புகைந்தது. மைனஸ் 196 டிகிரி. தண்டில் மாட்டிய குட்டிக் குப்பிகள். ஒளிரும் செல்லின் தாய்வகை ஹாகேட். ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் 1988-ல் அறிவிக்கப்பட்டது. 62 வயது ஆண் ஒருவரின் தோலிலிருந்து எடுத்த செல், தட்டில் தானாகவே சாகாவரம் பெற்றுவிட்டது. கொடி ஏற்றும் செல் டிஹெச்பி-1. இரத்தப்புற்று வந்த ஒரு வயது ஜப்பானியக் குழந்தையுடையது, 1980. இன்னொரு தண்டில் ஹீலா இருந்தது. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமல் எடுத்தது. அவர் அதே ஆண்டு இறந்தார். செல் இறக்கவில்லை. 2023 ஆகஸ்டில்தான் அதை விற்றுவந்த ஒரு பெருநிறுவனம் அவருடைய குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது. ஹீலாவை இங்கே தோலுக்குப் பயன்படுத்துவதில்லை. வேறு பிரிவுக்கு வைத்திருக்கிறார்கள். இரவல் வாங்கிய செல் சொன்ன செல்தானா என்று மரபணுக் கைரேகை பார்த்தே உள்ளே விடுவார்களாம், ஹீலா எங்கும் புகுந்து மற்ற வகைகளை விழுங்கிவிட்ட பழைய வரலாறு இருப்பதால்.

மீடியா குப்பியின் சீட்டைப் படித்தேன்: கன்றுக்கரு ஊனீர் 10%. அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றில் இருக்கும் கருவின் இரத்தத்திலிருந்து எடுப்பது. முயலைக் காப்பாற்றிய அறையில் இதுவா என்று கேட்டேன். “ஆமா” என்றார் பொறுப்பாளர். “ஊனீர் இல்லாத மீடியாவும் வருது. எல்லா செல்லும் அதுல ஒழுங்கா வளரணும், பழைய தரவோட ஒத்துப்போகணும். இன்னும் வேலை இருக்கு.” உறையில் முயல் படம் போடுகிறவர்கள் கன்றுக்குட்டிப் படம் போடுவதில்லை.

நடைவழியில் நின்று நிறத்தைப் பற்றிப் பேசினோம். கிண்ணத்துத் தோல் வெளுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் நிறமிச் செல்லான மெலனோசைட் இல்லை. சேர்த்தும் வளர்க்கலாம்; கறுத்த தோல்காரரின் மெலனோசைட்டைச் சேர்த்தால், சில வாரங்களில் திசு வெறுங்கண்ணுக்கே கறுத்துத் தெரியும். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் ஜப்பானுடையது. கானெபோ நிறுவனம் ரோடோடெனால் என்ற சிவப்பழகுச் சரக்கைக் கண்டுபிடித்து, 2008-ல் அரசு ஒப்புதலும் பெற்று, பல பூச்சுகளில் கலந்து விற்றது. 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டிவந்தது. 19,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பிற்பாடு மனித மெலனோசைட்டைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது நடந்தது புரிந்தது. மெலனின் செய்யும் டைரோசினேஸ் நொதி, இந்தப் பொருளையும் தன் மூலப்பொருள் என்று நினைத்துப் பிடித்து, செல்லைக் கொல்லும் குயினோனாக மாற்றிவிடுகிறது. டைரோசினேஸ் இருக்கும் செல்லுக்கு மட்டுமே அது நஞ்சு. கெரட்டினோசைட் மட்டும் உள்ள தோலில் ஆயிரம் தடவை சோதித்தாலும் ஊதாதான் வரும்.

இதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்த நெற்றிகள் நினைவுக்கு வந்தன. ஸ்டிக்கர் பொட்டு எடுத்த இடத்தில் அதே வட்டத்தில் வெளுத்துப்போன நெற்றிகள். பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி பியூட்டைல் பீனால் காரணம் என்று தோல் மருத்துவர்கள் வெகுகாலமாக எழுதிவருகிறார்கள். வேதி வடிவத்தில் அதுவும் ரோடோடெனாலும் ஒரே குடும்பம்: பாரா இடத்தில் வால் முளைத்த பீனால்கள். ஜப்பானில் நடந்ததால் 54 பொருள்கள் கடையிலிருந்து இறங்கின. நம் ஊரில் பொட்டைச் சற்று மேலே தள்ளி ஒட்டிக்கொண்டு போகிறோம்.

எதைத் திசுவில் சேர்க்கிறோம், எதை எடுத்துவிடுகிறோம் என்பதே இந்தத் துறையின் பாதி வேலை என்று எனக்குப் படத் தொடங்கியது. நோயைப் படிப்பவர்கள் எடுத்துவிட்டும் பார்க்கிறார்கள். 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு வந்தது: ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால் மீன்செதில் போன்ற வறண்ட தோலும், கரப்பான் எனப்படும் எக்சிமாவுக்கான வாய்ப்பும் வருகின்றன. அதன் பிறகு ஆய்வாளர்கள் கெரட்டினோசைட்டில் அந்த ஒரு மரபணுவை மட்டும் அமுக்கிவிட்டு, மற்றதெல்லாம் மாறாமல் தோல் வளர்த்து, காவல் எப்படித் தளர்கிறது என்று பார்க்கிறார்கள். நோயாளியிடம் இப்படி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடியாது. முயலிடமும் முடியாது. கிண்ணம் முயலுக்கு மாற்று என்று மட்டும் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

முடியாதவையும் நிறைய. கிண்ணத்துத் தோல் நிஜத் தோலைவிட ஒழுகும். எவ்வளவு மருந்து உள்ளே இறங்குகிறது என்று துல்லியமாக அளக்க, இன்னும் அறுவையில் மிஞ்சிய முழுத்தோலையோ பன்றித் தோலையோதான் கண்ணாடிக் கலத்தில் பூட்டுகிறார்கள். மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. ஜன்னல் வழியாக ஒரு தனிக் கட்டடத்தைக் காட்டினார். அங்கே எலிகள் இருக்கின்றன. பூச்சிக்கொல்லியை 28 நாள், 90 நாள் உணவில் கொடுத்து ஈரல், சிறுநீரகம், இரத்தம் எல்லாம் பார்க்கும் சோதனைகளுக்கு மாற்று இன்னும் முழுதாக வரவில்லை. 2023-ல் இந்தியா புது மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத முறைகளுக்கும் இடம் கொடுத்தது. கதவு திறந்திருக்கிறது; உள்ளே போக எண்ணற்ற சரிபார்ப்புகள் வேண்டும். தோலெரிச்சல் ஒன்றை மட்டும் முயலிடமிருந்து மீட்கவே பல வருடச் சரிபார்ப்புக்குப் பிறகு 2007-ல்தான் மாற்றுமுறைகளைச் சரிபார்க்கும் ஐரோப்பிய மையம் ஒப்புக்கொண்டது.

அலுவல் அறைக்குத் திரும்பியபோது குளியல் பொடிக்கான வரைவு அறிக்கை மேசையில் இருந்தது. நிறுவனத்துக்காரர் மின்னஞ்சலில் ஒன்று கேட்டிருந்தார்: தோலுக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று ஒரு வரி போட்டுத் தர முடியுமா, அட்டைப்பெட்டி அச்சுக்குப் போகிறது. பொறுப்பாளர் அந்த வரியைப் போடவில்லை. மூலப்பொருள் பட்டியலின் நடுவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். கார்போக அரிசி.

நலங்கு மாவு அரைக்கும் வீடுகளில் தெரிந்த சரக்குதான். அதில் சோராலென் இருக்கிறது. சோராலென் வெளிச்சம் படாதவரை சும்மா இருக்கும்; புறஊதா ஒளி பட்டால் டிஎன்ஏவோடு ஒட்டிச் செல்லைக் காயப்படுத்தும். வெண்புள்ளிக்கு அதையே மருந்தாகக் கொடுத்து, அளந்து ஒளி காட்டுகிறார்கள். பொடி ஒரு மணி நேரம் படுத்திருந்தது ஹூட்டுக்குள்ளும் இன்குபேட்டருக்குள்ளும்; கழுவிய பிறகு திசு 42 மணி நேரம் இருட்டான இன்குபேட்டருக்குள். சென்னை வெயில் எந்தக் கட்டத்திலும் அதன்மேல் படவில்லை. வெயில் காட்டிச் சோதிக்க வேறு வழிகாட்டி இருக்கிறது: சுண்டெலிச் செல்லில் 432, மனிதத் திசுவில் 498. இரண்டிலும் பாதித் தொகுதிக்குப் புறஊதா ஏ ஒளி காட்டி, பாதியை இருட்டில் வைத்து ஒப்பிடுவார்கள். நிறுவனம் அதைக் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

“கழுவிடுற பொடிதானேம்பாங்க. எவ்வளவு நேரம் ஊறவெச்சுக் கழுவுறாங்கன்னு யாருக்குத் தெரியும்? சில பேர் பூசிட்டு மொட்டை மாடியில உக்காந்திருப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் பதில் தட்டினார். எரிச்சல் சோதனையின் முடிவு இது, இதற்கு மேல் அட்டையில் எழுத அறிக்கை இடம் தராது, ஒளிநச்சுச் சோதனை செய்வது நல்லது என்று மூன்றே வரி.

நாங்கள் கேன்டீனில் சாப்பிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். அச்சகத்தை நிறுத்திவைத்திருப்பதாகவும் ஒரு வரி இருந்தது. பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விலைப்புள்ளி தயாரிக்க உட்கார்ந்தார். திண்டிவனத்துக்காரரைக் கூப்பிட்டு, அடுத்த பெட்டியில் எத்தனை திசு கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று கணக்குக் கேட்டார்.